ஆந்தை வீட்டு மிஸ் ஹெலன்: அரைத்த கண்ணாடியும் சிமெண்ட் ஒட்டகங்களும்

தேவாலயத்துக்கு வருவதில்லை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கிப் போகிறார். காலி பாட்டில் எதையும் விடுவதில்லை. பின்முற்றத்தில் ஒட்டகங்களும் ஆந்தைகளும் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போகின்றன. தென்னாப்பிரிக்காவின் நியூ பெதெஸ்டா என்ற சிற்றூரில், 1950-களிலும் 60-களிலும் ஹெலன் மார்ட்டின்ஸைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கிறுக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்றோ, அந்த ஊருக்கு வெளியாட்கள் வருவதே பெரும்பாலும் அவருடைய வீட்டைப் பார்க்கத்தான். ‘ஆந்தை வீடு’ என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

ஹெலனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அவருடைய தனிமையையும் துயரத்தையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டின் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும். பொருள் சேகரித்து, நிறம் பிரித்து, பதமாக அரைத்து, பூசி, விளக்கு எங்கே வைத்தால் வெளிச்சம் எங்கே விழும் என்று கணக்குப் பார்த்துச் செய்த வேலை அது. வருடக்கணக்கில் பிசகாமல் நடந்திருக்கிறது. ஒரு ஆள் மட்டும் செய்த வேலையும் இல்லை. ஊர்க் கதைகளில் இந்த இரண்டும் காணாமல் போகின்றன.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கிழக்குக் கேப் மாகாணத்தில், ஸ்னீயூபெர்க் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. கராஃப்-ரெய்னெட் நகரத்திலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2,502 மீட்டர் உயரக் கோம்பாஸ்பெர்க் சிகரம் பக்கத்தில் நிற்கிறது. 1875-இல் தேவாலயத்தை மையமாக வைத்து உண்டான ஊர். மண் தெருக்கள், தெருவோரம் வாய்க்கால், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் தோட்டங்கள். ஊரைச் சுற்றியுள்ள பகுதிக்குக் காரூ என்று பெயர், வறண்ட பூமி. கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் இரவு உறைபனி விழும். வெயிலும் பனியும் மாறி மாறி வருவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிமெண்ட் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஹெலன் பிறந்தது அதே ஊரில், 1897 டிசம்பர் 23 அன்று. கராஃப்-ரெய்னெட்டில் படித்து ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1920-இல் ஓர் ஆசிரியரை மணந்தார். கணவர் நாடகம் போடுகிறவர், ஹெலனும் மேடையில் நடித்திருக்கிறார். சில ஆண்டுகளில் மணமுறிவு. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். தாய் 1941-இல் இறந்தார், தந்தை 1945-இல். தந்தையோடு அவருக்கு ஒட்டவில்லை. தந்தையை வெளிப்புற அறையொன்றில்தான் வைத்திருந்தார். தந்தை இறந்த பிறகு அந்த அறைக்குள் கறுப்பு அடித்து, ‘சிங்கத்தின் குகை’ என்று பெயரும் வைத்தார். ஊர்ப்பேச்சில் இன்றும் அதிகம் அடிபடுவது இந்த அறைதான். வம்பு பேசத் தோதான விஷயம், வேறென்ன.

வீட்டை அலங்கரிக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஓர் இரவில் ஜன்னல் வழியே நிலா வெளிச்சம் உள்ளே விழ, தன் வாழ்க்கை எவ்வளவு மங்கிக் கிடக்கிறது என்று பட்டதாம். அங்கிருந்துதான் எல்லாம் என்பது வழிவழியாக வரும் கதை. அப்போது அவருக்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இனி கண்ணாடிக்கு வருவோம். வீட்டின் சுவர்களிலும் கூரையின் உட்புறத்திலும் நிறம் நிறமாகப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் அரைத்த கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். அரைத்தது காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில். அரைத்ததை நிறம் பிரித்து ஜாடிகளில் அடைத்து வைத்தார்கள். அந்த ஜாடிகள் சரக்கறைத் தட்டுகளில் இன்னமும் வரிசையாக நிற்கின்றன. என்னைக் கேட்டால், அந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தட்டுகளைத்தான். மனம்போன போக்கில் வேலை செய்பவர் சரக்கை அப்படி அடுக்கி வைக்க மாட்டார்.

பட்டம் விட்டு வளர்ந்தவர்களுக்கு மாஞ்சாவுக்குக் கண்ணாடி பொடிப்பது தெரிந்திருக்கும். அதற்குத் துணியில் சலித்த, மாவு போன்ற தூள் வேண்டும். சுவருக்கு அந்தத் தூள் உதவாது. கண்ணாடியை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவுக்கு நிறம் போய்விடும். நொறுங்க நொறுங்க உடைந்த பரப்புகள் கூடும். ஒவ்வொரு பரப்பும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கரும்பச்சை பாட்டிலும் மாவானால் வெளுத்த சாம்பலாகத்தான் தெரியும். குருணை பெரிதாகிவிட்டால் வேறு தொல்லை: பெயிண்டில் பிடிப்பு இல்லாமல் கனத்தால் உதிரும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணை, அதுதான் பதம். காப்பி இயந்திரத்தின் பல் இடைவெளியைத் திருகித் திருகி அந்த அளவில் நிறுத்தலாம் என்பதால்தான் அது இந்த வேலைக்குப் பொருந்தியது. உரலில் போட்டு இடித்தால் பாதி மாவாகும், பாதி சில்லாக நிற்கும்.

முழு பாட்டில் இயந்திரத்தின் வாய்க்குள் போகாது. சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, கட்டைவிரல் நகத்தளவுச் சில்லாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் லேபிளை ஊறவைத்துச் சுரண்டி, கழுவி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். பசையும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் அரைத்தது கட்டி தட்டும், பெயிண்டிலும் பிடிக்காது. கண்ணாடி எஃகின் பல்லையும் தின்னும். நாளாக ஆகப் பல் மழுங்கி, குருணை சீராக விழாமல் போகும்.

எவ்வளவு கண்ணாடி பிடிக்கும்? ஒரு மில்லிமீட்டர் குருணையை ஒரே அடுக்காக நெருக்கிப் பதித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்று ஓர் அறையை எடுத்துக்கொண்டால், கதவு ஜன்னல் போகச் சுவர் மட்டும் முப்பத்தைந்து சதுர மீட்டர் வரும். ஐம்பது கிலோவுக்கு மேல். அரைக்கிலோ எடையுள்ள ஒயின் பாட்டில் என்றால் நூறுக்கு மேல், அதுவும் ஒரே நிறத்தில். இந்தச் சின்ன ஊரில் அத்தனை பாட்டில் சேர எத்தனை நாள் ஆகும்? ‘பாட்டில் பொறுக்கும் கிறுக்கு’ என்று ஊர் பார்த்தது இந்தக் கணக்கின் வெளிப்பக்கத்தை. பழுப்பு நிறத்துக்கு பீர் பாட்டில், பச்சைக்கு ஒயின் பாட்டில் என்று எளிதாகக் கிடைக்கும். நீலம் அரிது, கோபால்ட் சேர்த்த மருந்து பாட்டில்கள்தான் வழி. சிவப்பு பாட்டில் கிடையாது என்றே சொல்லலாம். சிவப்பு வேண்டுமானால் அடியில் சிவப்பு பெயிண்ட் அடித்து, மேலே நிறமில்லாத குருணையைப் பதிக்க வேண்டும். அடி நிறத்தை எடுத்துக்கொண்டு குருணை மினுங்கும்.

பதிக்கும் நேரத்திலும் நுணுக்கம் உண்டு. எண்ணெய்ப் பெயிண்டோ வார்னிஷோ அடித்த உடனே தூவினால் குருணை மூழ்கி, மேலே பசை படர்ந்து பளபளப்பு செத்துவிடும். காய்ந்த பிறகு தூவினால் ஒட்டாது. விரலை வைத்தால் ஒட்டி, எடுத்தால் நூல் இழுக்காத பக்குவத்தில் பதிக்க வேண்டும். காரூவின் வறண்ட காற்றில் அந்தப் பக்குவம் சீக்கிரம் கடந்துபோகும். ஆகவே ஒரே மூச்சில் பெரிய இடத்தை எடுக்காமல், கை எட்டும் அளவுக்குக் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். செங்குத்துச் சுவரில் தூவியதில் ஒரு பங்கு எப்படியும் கீழே விழும். தரையில் துணி விரித்து வாரினால் அதையே மறுபடி பயன்படுத்தலாம், நிறம் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கூரைதான் கொடுமை. தலைக்கு மேல் பதிக்கும்போது ஒட்டாத குருணையெல்லாம் முகத்தில்தான் விழும். பாட்டில் கண்ணாடித் தூள் குவார்ட்ஸ் தூள் அளவுக்கு நுரையீரலைக் கெடுப்பதில்லை. ஆனால் ஓரமெல்லாம் கூர். கண்ணில் விழுந்து, கையால் கசக்கினால் கருவிழிப் படலம் கீறும். இந்த வேலைக்கு மூடிய கண்காப்புக் கண்ணாடியும் ஈரத்துணியும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஹெலன் பல ஆண்டுகள் கண்ணாடியோடு புழங்கியதில் கடைசிக் காலத்தில் அவர் பார்வை மங்கியது. கைமூட்டுகளையும் வாதம் பிடித்திருந்தது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று பகலில் போய்ப் பார்ப்பவர்களுக்குப் பாதிதான் புரியும். அவர் காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். ஆடாத மின்விளக்கில் கண்ணாடிச் சுவர் வெறும் சொரசொரப்பாகத் தெரியும். ஆடுகிற சுடரிலோ ஒவ்வொரு குருணையும் தனித்தனியாக மின்னி அணையும். சூரியன், பிறை, நட்சத்திரம், இதயம், கை என்று வெட்டிய முகம் பார்க்கும் கண்ணாடிகளை ஊடே ஊடே பதித்திருக்கிறார். விளக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்தால் விளக்கு இரண்டாகும்; எதிர்ச் சுவரில் இன்னொன்றை நேருக்கு நேர் வைத்தால் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல்களில் நிறக் கண்ணாடி. நிலா வெளிச்சம் எந்த ஜன்னலில் நுழைந்து எந்த அறையில் விழும் என்பதுவரை யோசனை ஓடியிருக்கிறது. மேடை நாடகத்தில் பழகிய ஒருவருக்கு ஒளி அமைப்பு தெரியாமல் இருக்குமா? ‘படிக்காத கலைஞர்’ பட்டியலில் அவரை வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் செய்து முடித்த பிறகு வேலை பின்முற்றத்துக்கு நகர்ந்தது. அங்கேதான் ஒட்டக முற்றம். முந்நூறுக்கு மேற்பட்ட உருவங்கள்: ஒட்டகங்கள், ஞானிகள், மேய்ப்பர்கள், ஆந்தைகள், பிரமிடுகள், பாட்டில்களையே பாவாடையாக அடுக்கிய பெண்கள். பெரும்பாலானவை கிழக்கு நோக்கி நடக்கின்றன. வேலியில் கம்பியை வளைத்து ‘இது என் உலகம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கருப்பொருள் பைபிளிலிருந்தும் பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமிடமிருந்தும் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்தும் வந்தது. ஹெலன் தென்னாப்பிரிக்காவைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை.

இந்த உருவங்களை வனைந்த கைகள் பெரும்பாலும் ஹெலனுடையவை அல்ல. தொடக்கத்தில் ஜோனஸ் ஆடம்ஸ், பீட் வான் டெர் மெர்வ ஆகியோர் உதவினார்கள். 1964 வாக்கில் சேர்ந்த கூஸ் மல்காஸ் பன்னிரண்டு ஆண்டுகள், ஹெலன் இறக்கும்வரை இருந்தார். ஆட்டு மயிர் கத்தரிக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் போய்வந்தவர். சிற்பம் படித்தவர் இல்லை. ஹெலன் அட்டைப் படத்தையோ புத்தகப் படத்தையோ காட்டித் தன் மனதில் இருப்பதைச் சொல்வார். மல்காஸ் கம்பியும் சிமெண்டும் கொண்டு அதை எழுப்புவார். தட்டையான படத்திலிருந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும் உருவத்தை எடுப்பது சாதாரணக் கை இல்லை.

கம்பி மேல் சிமெண்ட் உருவம் செய்யும் முறை உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தடித்த கம்பியில் எலும்புக்கூடு, அதைச் சுற்றிக் கோழிவலை, வலைக்குள் அழுத்தித் திணிக்கிற முதல் பூச்சு. கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல், உருட்டினால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். தண்ணீர் கூடினால் பூசச் சுகமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். முதல் பூச்சு இறுகுமுன் அதன் மேல் கீறிவிட்டு, மறுநாளுக்குள் அடுத்த பூச்சு. பிறகு ஈரச் சாக்குப் போர்த்தி ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காரூ வெயிலில் இந்தக் கடைசிப் படியைச் சோம்பல்பட்டு விட்டால் மேற்பரப்பு இறுகுவதற்கு முன்பே உலர்ந்து, கையால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மெல்லிய இடங்கள்தான் முதலில் போகும்: ஒட்டகத்தின் காது, மனிதரின் விரல், ஆந்தையின் மூக்கு. கம்பிக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் சிமெண்ட் இருந்தால் அதன் காரத்தன்மை கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கும். விரலுக்கு அந்தக் கனம் கொடுத்தால் அது விரலாக இருக்காது. மெல்லிய பூச்சுக்குள் காற்றின் கரியமில வாயு புகுந்து காரத்தைக் குறைக்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டு உள்ளிருந்தே சிமெண்டைப் பிளக்கும். அந்த விரிசலில் மழைநீர் தேங்கி, இரவில் உறைந்து, ஒன்பது சதவீதம் பருத்து, பிளவை இன்னும் அகலமாக்கும். பாட்டில் பதித்த உருவங்களில் வாய் மேல்நோக்கி இருந்தால் இதே கதிதான். தண்ணீர் தேங்கி உறைந்து பாட்டில் வெடிக்கும். இவை போதாதென்று, கண்ணாடிக்கும் சிமெண்டின் காரத்துக்கும் ஈரத்தில் ஒத்துப்போகாது. இரண்டும் சேர்ந்து, ஈரத்தில் ஊதிப் பருக்கும் பசையை உண்டாக்கும். காரூவின் வறட்சி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நன்மை செய்கிறது.

நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. வெள்ளையர் பகுதியில் ஹெலன், ஊருக்கு வெளியே பினார்சிக் குடியிருப்பில் கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட மல்காஸ் போன்றவர்கள். தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் முற்றத்தில் அவர் பகலெல்லாம் வேலை செய்ததை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிறுக்கு என்ற பட்டத்தில் இந்த அருவருப்பும் கலந்திருந்தது. பட்டம் கொடுத்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில், 1976 ஆகஸ்டில், 78-ஆம் வயதில் ஹெலன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீடு அப்படியே காப்பாற்றப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். மல்காஸ் வேலை தேடி மேற்குக் கேப் பக்கம் போய்விட்டார். கவனிப்பு இல்லாமல் கிடந்த உருவங்களைச் செப்பனிட 1991-இல் அவரைத் திரும்ப அழைத்தார்கள். செய்தவரே வந்து சரிசெய்ததால், எந்த உருவத்துக்குள் என்ன கம்பி ஓடுகிறது என்று உடைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. பழுதுபார்ப்பில் அது பெரிய வாய்ப்பு. 1996-இல் ஆந்தை வீட்டுக்கென அறக்கட்டளை அமைந்தது. மல்காஸ் 2000-இல் காலமானார். தாத்தாவைப் பற்றி அவர் பேத்தி பின்னாளில் புத்தகம் எழுதியதால் அவர் பேரும் மெல்லப் பரவுகிறது.

அதற்கு முன் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்க நாடக ஆசிரியர் அதோல் ஃபுகார்ட் 1984-இல் ஹெலனின் வாழ்க்கையை அடியொற்றி எழுதிய ‘தி ரோட் டு மெக்கா’ நாடகம்தான் உலகத்துக்கு அவரை அறிமுகப்படுத்தியது. மேடையில் மூன்றே பாத்திரங்கள்: மிஸ் ஹெலன், அவருடைய இளம் தோழி, ஊர்ப் பாதிரியார். மல்காஸுக்கு அதில் இடமில்லை. நாடக ஆசிரியருக்கு அவர் தேவைப்படவில்லை, அது அவர் உரிமை. ஆனால் நாடகம் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்க வருபவர்கள், தனியாக ஒரு பெண் முந்நூறு சிற்பம் செய்தாள் என்ற நினைப்போடு வந்து அதே நினைப்போடு திரும்பினார்கள். ஊர் சொன்ன கிறுக்கியைவிட இந்தத் தனிமேதை அழகானவள்தான். உண்மைக்கு அவளும் அதே தூரத்தில்தான் இருக்கிறாள்.

வீட்டைப் பராமரிப்பதில் இன்றுள்ள பெரிய தலைவலி பார்வையாளர்களின் விரல்கள். கண்ணாடிச் சுவரைப் பார்த்தால் தொடத் தோன்றும். ஒரு தொடுகைக்கு இரண்டு குருணை உதிரும். இத்தகைய சுவர்களில் உதிர்ந்த இடத்தை இன்றைய அக்ரிலிக் பெயிண்டால் ஒட்டுப்போட்டால் சில வருடங்களில் பழைய எண்ணெய்ப் பெயிண்ட் மஞ்சளாகி, புதியது மாறாமல் நின்று, ஒட்டு தனியாகத் தெரியும். எண்ணெய்ப் பெயிண்டும் கண்ணாடியும் சுவரின் மூச்சை அடைத்துவிடுவதால், தரை ஈரம் ஏறினால் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு கொப்புளித்து வரும். ஆகவே உள்ளே ஒட்டுப்போடுவதற்கு முன்னால் கூரைத் தகரத்தின் ஒழுகலையும் சுவரடி வடிகாலையும் பார்க்க வேண்டும். வெளியே தண்ணீரைச் சரிசெய்யாமல் உள்ளே மினுக்கிப் பயனில்லை.

போகிறவர்கள் காலை அல்லது சாயங்காலம் போங்கள். உச்சி வெயிலில் முற்றத்து உருவங்களுக்கு நிழலே இல்லை, எல்லாம் தட்டையாகத் தெரியும். குளிர்காலமென்றால் கம்பளி கட்டாயம். வீட்டுக்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் தங்கள் கையால் செய்த சிமெண்ட் ஆந்தைகளை விற்கிறார்கள். வாங்குவதானால் மூக்கையும் காதையும் விரலால் தடவிப் பாருங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் கம்பி மேலே வந்துவிட்டது, அதை விட்டுவிடலாம். நகத்தால் சுரண்டினால் மாவு வரக்கூடாது. கையில் சில்லென்று ஈரம் தட்டினால் இன்னும் பதமாகவில்லை. உடனே பையில் திணிக்காமல் துணியில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு வாரம் தினமும் தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும்.